கண்மாய் மண்ணில் ஒரு முகம்: சுடுமண் உருவச்சிலை செய்ய முழுமையான வழிகாட்டி

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். அதில் 40 வருஷம் மடை திறந்து மூடிய நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார். அவர் முகத்தை அந்தக் கண்மாய் மண்ணிலேயே பிடித்து, கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்கிற சீமைக் கருவேல விறகிலேயே சுட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முதல் தலை சூளைக்குள் வெடித்தது. இரண்டாவது நன்றாக வெந்து வந்தது. மூன்று வாரம் கழித்து இடது கன்னத்தில் சில்லு பெயர்ந்து விழுந்தது. மூன்றாவதுதான் தேறியது. கீழே இருப்பதெல்லாம் அந்த மூன்று தலைகளிடம் கற்றுக்கொண்டது.

வேலைக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். தண்ணீர்ப் பஞ்சம், மணல் கொள்ளை, கடலில் எண்ணெய் என்று எதைப் பற்றிச் சிலை செய்தாலும், பிரச்சினையை முகத்தில் ஏற்றாதீர்கள். வெடித்த நிலம் மாதிரித் தோல், கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், வாயில் பிளாஸ்டிக் பை. கண்காட்சிகளில் இவற்றை எத்தனையோ பார்த்தாகிவிட்டது. சிலையில் இருப்பவர் யார் என்று கேட்டால் செய்தவருக்கே பதில் தெரிவதில்லை. பிரச்சினையை மண்ணும் விறகும் சுமக்கட்டும். முகம் அந்த ஆளின் முகமாகவே இருக்கட்டும்.

1. யார் முகம்?

செய்தித்தாளில் பார்த்த முகம் வேண்டாம். போய்ப் பேச முடிகிற, திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிற ஆளாக இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது கையால் அள்ளியவர்கள் மீனவர்கள். உங்கள் ஊர் எண்ணூர் என்றால் அவர்களில் ஒருவர். திருப்பூர் என்றால் நொய்யல் கரையில் விவசாயத்தை விட்டவர் ஒருவர். நான் கண்மாய்க்காரன் என்பதால் நீர்ப்பாய்ச்சி.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். ஊருக்கு ஊர் பெயர் மாறும்: நீர்ப்பாய்ச்சி, நீர்கட்டி, மடைக்குடும்பன். சம்பளம் கிடையாது, அறுவடையில் நெல்லாகப் பங்கு. அந்தப் பங்குக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். ஆழ்குழாய்க் கிணறு வந்ததும் அந்த வேலையும் போனது, சுதந்திரமும் போனது. எனக்கு வேண்டிய கதை அவ்வளவுதான்.

சம்மதம் வாங்குவதைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். நாலு விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: பெயர் போடலாமா, படத்தை ஃபேஸ்புக்கில் போடலாமா, சிலை விற்றால் அவருக்கு எவ்வளவு, ஒரு சிலை அவர் வீட்டுக்கு உண்டா. கடைசிக் கேள்விக்கு எப்போதும் ‘உண்டு’ என்றே பதில் இருக்க வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு செய்வதாகத் திட்டமிடுங்கள். இரண்டு செய்தால் ஒன்று பிழைக்கும் என்பது வேறு கணக்கு.

இன்னொன்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. கழுத்தோடு நிற்கிற சிலையின் ஓவியத்தைக் காட்டியதும் நீர்ப்பாய்ச்சித் தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி, அப்பத்தாதான் சொன்னார்: “என்னய்யா, தலைய மட்டும் வெட்டி வச்ச மாதிரி இருக்கு?” கலைக்கல்லூரியில் கழுத்தோடு நிறுத்துவதுதான் பாடம். ஒரு வீட்டுக்குள் அது வெட்டுப்பட்ட தலை. அன்றே தோள் வரை இறக்கி, தோளில் ஒரு துண்டையும் போட்டேன். சிலைக்கும் அது நல்லதாகப் போயிற்று. அகலமான அடி கிடைத்தது.

2. மண்

இங்கே அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

கண்மாயில் நேராக மண்வெட்டியோடு இறங்கக் கூடாது. வண்டலும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி தருகிறார்கள். நாம் இரண்டுமில்லை. பக்கத்து ஊரில் பானை வனையும் வேளார் வீட்டில் கேட்டு, அவர்கள் எடுத்து வைத்திருக்கும் மண்ணில் இரண்டு சாக்கு விலைக்கு வாங்குவதுதான் சரி. எந்தக் கண்மாய், எந்தப் பக்கத்து மண் என்பதையும் அவர்களே சொல்வார்கள். மண்ணைப் பற்றி இந்த வழிகாட்டியை விட அவர்களுக்குத் தெரியும்.

முதலில் மண்ணை வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். ஈர மண்ணைத் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். காய்ந்த மண் பிஸ்கட் மாதிரி தானாகக் கரைந்து குழம்பாகிவிடும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு நாள் ஊறட்டும். பிறகு கொசுவலைத் துணியில் வடிகட்டுங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு தடவை.

வலையில் தங்குவதைத் தூக்கி எறிவதற்கு முன் பாருங்கள். வேர், நத்தை ஓடு, அப்புறம் வெள்ளையாகச் சின்னச் சின்னக் கல். அது சுக்கான் கல்லா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. என் இரண்டாவது தலையின் கன்னத்தைப் பெயர்த்தது இதுதான். சுக்கான் சூளைச் சூட்டில் வெந்து சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். வெளியே வந்தபின் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மெதுவாக வீங்கும். வீட்டில் சுண்ணாம்பு நீர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு கோபமாகப் பொங்கும் என்று. அதே கோபம் மிளகு அளவு கல்லில், கன்னத்தோலுக்கு 3 மில்லிமீட்டர் கீழே. நத்தை ஓடும் சுண்ணாம்புதான், அதையும் விடாதீர்கள்.

வடித்த குழம்பை ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, பழைய வேட்டியில் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். சப்பாத்தி மாவை விடச் சற்று இளகலாக வரும்போது இறக்குங்கள்.

வெறும் கண்மாய்க் களி சிலைக்கு ஆகாது. காயும்போது அதிகம் சுருங்கும், கனமான இடத்தில் விரிசல் விடும். கரிசல் கலந்த மண் என்றால் கேட்கவே வேண்டாம். அது தண்ணீரைக் குடித்து வீங்குகிற ஜாதி. அதனால் கலவை வேண்டும். நான் போடுவது: களிமண் 10 பங்கு, சலித்த ஆற்று மணல் 2 பங்கு, ஓட்டுத்தூள் 2 பங்கு. உடைந்த பானையையும் நாட்டு ஓட்டையும் இடித்துச் சலித்தால் ஓட்டுத்தூள். ஏற்கெனவே வெந்தது என்பதால் அது மறுபடி சுருங்காது. ஐயனாருக்குப் புரவி செய்யும் வேளார்கள் உமியும் சேர்ப்பார்கள். உமி சூளையில் எரிந்து போய்ச் சின்னச் சின்ன வழி விடும். ஆவி அதன் வழியே வெளியேறும். ஆள் உயரக் குதிரையை விரிசல் இல்லாமல் எடுக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

ஓட்டை இடிக்கும்போதும் காய்ந்த மண்ணைக் கையாளும்போதும் முகக்கவசம் கட்டாயம். களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. 2010-ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் கிட்டத்தட்ட 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார். எல்லாம் ஜிங்டஜன் நகரத்துக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகச் செய்தவை. மக்கள் அதன்மேல் நடக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. சில நாளிலேயே தூசி கிளம்புகிறது என்று நடப்பதை நிறுத்திவிட்டார்கள். பார்வையாளர்களுக்கே அந்தக் கவலை என்றால் தினமும் அதில் கிடக்கிற நமக்கு? பட்டறையை விளக்குமாறால் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

கலவையை மிதித்துப் பிசைந்தபின் இரண்டு சோதனை. விரல் கனத்தில் ஒரு திரி உருட்டி ஆள்காட்டி விரலில் சுற்றுங்கள். அங்கங்கே லேசாகக் கீறினால் பரவாயில்லை, பட்டென்று முறிந்தால் மணல் அதிகம். அடுத்து ஒரு சின்னப் பலகையாகத் தட்டி அதில் சரியாக 10 செ.மீ. கோடு கிழித்து, காயவைத்து, வேளார் அடுத்து போடும் சூளையில் வைத்து எடுங்கள். கோடு 9 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 10 சதவீதம். சுட்டபின் தலை 22 செ.மீ. வேண்டும் என்றால் 22-ஐ 0.9-ஆல் வகுங்கள்: ஈரத்தில் 24.4 செ.மீ. பிடிக்க வேண்டும். அந்தப் பலகையைத் தூக்கிப் போடாமல் ஒரு மாதம் வெளியே வையுங்கள். சுக்கான் மிச்சமிருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்; கன்னம் தப்பிக்கும்.

3. பார்ப்பது

கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்தால் மூக்கு பெருத்து காது சுருங்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சற்றே ஜூம் செய்து எடுங்கள். நேர் முகம், இரண்டு பக்கமும், முக்கால் பக்கம் இரண்டும், பின்னால், அப்புறம் தலைக்கு மேலிருந்து ஒன்று. மேலிருந்து எடுக்கும் படத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மண்டை முட்டை வடிவம் என்பதும், முகம் தட்டையில்லை, உருளை என்பதும் அதில்தான் தெரியும்.

படத்தை விட அளவு முக்கியம். நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரை, காதுக்குக் காது, மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை. அளவெடுக்கும் கவைக்கோல் (காலிப்பர்) இல்லையென்றால் இரண்டு மூங்கில் குச்சியை ஆணியால் கோத்தால் போதும். அளவெடுக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அசையாமல் உட்காருங்கள் என்றால் ரேஷன் கார்டு முகம்தான் கிடைக்கும். தாத்தாவிடம் கலிங்கு வழிந்த வருஷத்தைக் கேட்டேன். சொல்லும்போது இடது புருவம் மட்டும் மேலே ஏறும். சிலையில் அந்தப் புருவம் ஏறித்தான் இருக்கிறது.

பெருவில் மோச்சே மக்கள் சுமார் 1,500 வருஷத்துக்கு முன் ஆள் முகத்தையே ஜாடியாகச் செய்தார்கள். உதட்டில் வெட்டுத் தழும்புள்ள ஒரே மனிதரைச் சிறுவனாக, இளைஞனாக, முப்பதுகளில் இருக்கும் ஆளாக வெவ்வேறு ஜாடிகளில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கண்டுபிடிக்க உதவியது அந்தத் தழும்புதான். ஆகவே தழும்பு, உடைந்த மூக்கு, கிழிந்த காதுத்துளை எதையும் அழகுபடுத்துகிறேன் என்று மெழுகிவிடாதீர்கள்.

4. கட்டுவது

தலையும் தோளுமாக ஆள் அளவுக்கு 20 கிலோவுக்கு மேல் மண் பிடிக்கும். முதல் முறை என்றால் பாதி அளவில் செய்யுங்கள்.

இரண்டு வழி உண்டு. கட்டியாகப் பிடித்து, சற்று இறுகியதும் கம்பியால் உச்சியை வெட்டித் திறந்து உள்ளே குடைவது ஒன்று. கலைக்கல்லூரிகளில் பெரும்பாலும் இதுதான். மற்றது புரவி செய்கிற வழி: அடியிலிருந்து திரி திரியாகச் சுற்றி ஏற்றி, உள்ளே காலியாகவே வளர்ப்பது. எனக்கு இரண்டாவது பிடிக்கும். முதல் தலையைக் கட்டியாகப் பிடித்துக் குடைந்தபோது கழுத்துப் பக்கம் கை எட்டாமல் 4 செ.மீ. கனம் தங்கிவிட்டது. சூளையில் வெடித்தது சரியாக அந்த இடம்.

திரி முறையில் சுவர் எங்கேயும் ஒன்றரை செ.மீ. இருக்கட்டும். தோளைச் சுற்றி 8 செ.மீ. உயரம் ஏற்றி, ஒரு மணி நேரம் இறுகவிட்டு, அடுத்த சுற்று. அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் தன் பாரத்திலேயே அமுங்கும். ஒவ்வொரு திரியையும் உள்ளேயும் வெளியேயும் கட்டைவிரலால் இழைத்து விடுங்கள். உள்ளே கல்லும் வெளியே தட்டுப்பலகையும் வைத்துத் தட்டினால் இன்னும் உறுதி. பானை தட்டுவதும் அப்படித்தானே. கழுத்து நேராக நிற்காது, முன்னால் சாய்ந்துதான் தலையைத் தாங்கும். அந்தச் சாய்வு இல்லாத சிலை ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி இருக்கும்.

அடி திறந்தே இருக்க வேண்டும். உச்சியை மூடிவிட்டால் காதுத் துளையை உள்வரை குத்திவிடுங்கள். ஆவி போக அதுவும் ஒரு வழி.

5. முகம்

கண் இருப்பது நெற்றிக்குக் கீழே என்று நினைத்து மேலே வைத்துவிடுவார்கள். உச்சிக்கும் தாடைக்கும் சரி பாதியில் இருக்கிறது கண். காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடைப்பட்ட உயரம். இவை வாலிப முகத்துக்கான கணக்கு. வயதானவர்களிடம் மூக்கும் காதும் நீண்டிருக்கும். பல் போனவர்களுக்குத் தாடை மேலேறி முகத்தின் கீழ்ப்பாதி குட்டையாகிவிடும். ஆகவே வாய்பாட்டை விட உங்கள் அளவுகளை நம்புங்கள்.

எலும்பில் ஆரம்பியுங்கள். புருவ மேடு, கன்ன எலும்பு, தாடை விளிம்பு, கண் குழி. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை வைத்து 2025-ல் இரண்டு முகங்களைக் கணினியில் மீட்டெடுத்தார்கள். அதிலும் அடிப்படை இதுதான்: எலும்பு எங்கே, அதன்மேல் சதை எத்தனை மில்லிமீட்டர். சதையையும் சுருக்கத்தையும் கடைசி நாளுக்கு வையுங்கள். முதல் நாளே சுருக்கம் கீறிவிட்டால் வயதான முகம் வராது, கோடு போட்ட உருண்டைதான் வரும்.

கண்ணுக்கு விழிக்கோளத்தைத் தனியாக உருட்டி வைத்து, மேல் இமையையும் கீழ் இமையையும் துணி போர்த்துவதுபோல் அதன்மேல் போடுங்கள். கருவிழியை வரையாமல் ஒரு சின்னக் குழி பறித்தால் அதில் விழும் நிழலே பார்வையாகிவிடும். பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லி 1993-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் உள்ளூர்க் குடும்பங்களைக் கூட்டி செங்கல் மண்ணில் சுமார் 40,000 உருவங்கள் செய்ய வைத்தார். வாய் கிடையாது, மூக்கு கிடையாது, கண்ணுக்கு இரண்டு குழி மட்டும். அறை முழுக்க நின்று அத்தனையும் நம்மையே பார்க்கும். குழிக்கு அவ்வளவு சக்தி. தெருவே சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது யோசித்தால், ஆள் ஜாடைக்கு மல்லுக்கட்டாமல் இந்த வழியில் போகலாம்.

ஆயுதங்கள்: மூங்கில் சீவல், பழைய ஹேக்சா பிளேடு, சைக்கிள் ஸ்போக்ஸ், ஈரப் பஞ்சு. கடையில் 20 உளி கொண்ட பெட்டி விற்கிறார்கள். அதில் மூன்றைத்தான் எடுப்பீர்கள்.

பரிதாபத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கை தன்னையறியாமல் உதட்டோரத்தைக் கீழே இழுக்கும். அமெரிக்கப் பீங்கான் கலைஞர் ராபர்ட்டோ லூகோ பிலடெல்பியாவின் ஏழைத் தெருவில் வளர்ந்தவர். ராஜாக்கள் மாளிகைக்குச் செய்கிற மாதிரி தங்கக் கோடு போட்ட பூச்சாடியில் ராப் பாடகர்களையும் கறுப்பின உரிமைப் போராளிகளையும் தன் குடும்பத்தாரையும் தீட்டுகிறார். அவர் அங்கே வறுமையைப் படம் போடவில்லை. யாருக்கு அந்த ஜாடி மறுக்கப்பட்டதோ அவர்களை அதில் ஏற்றினார். எங்கள் தாத்தா ஒரு ஊரின் தண்ணீரையே கையில் வைத்திருந்தவர். அந்த மிடுக்கு வந்தால் போதும்.

6. ஒரே ஒரு குறி

மண்ணும் விறகுமே பேசும் என்றேன். ஆனாலும் பார்ப்பவருக்கு ஒரு பிடி வேண்டும். ஒன்றே ஒன்று. இரண்டாவதாக ஒன்று தோன்றினால் அடுத்த சிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது பீடம். சிலையைச் சுட்டேன், பீடத்தைச் சுடவில்லை. அதே கண்மாயின் களியை மணல் கலக்காமல் ஒரு மரச்சட்டத்தில் ஊற்றி வெயிலில் விட்டேன். ஒரு வாரத்தில் கோடைக் கண்மாய் மாதிரியே பாளம் பாளமாக வெடித்தது. அதன் நடுவில் தாத்தா. சுட்ட மண் இனி ஒருநாளும் சேறாகாது. சுடாத மண் ஒரு மழைக்குக் காத்திருக்கும். இதை நான் யாரிடமும் விளக்கவில்லை. பார்த்தவர்களில் பாதிப்பேர் தாங்களாகவே சொன்னார்கள், மீதிப்பேர் பீடம் உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

சுடாமலேயே முழுச் சிலையையும் விட்டுவிடலாமா? தாராளமாக. பிள்ளையாரைப் பிடித்துக் கரைக்கிற ஊர் நம்முடையது. சிலையைக் கண்மாய்க் கரையில் வைத்து முதல் மழையில் கரையவிட்டால் அதுவே ஒரு நிகழ்வு. ஆனால் முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தன் முகம் கரைவதைப் பார்க்க எல்லாருக்கும் மனசு வராது. எங்கள் தாத்தா ஒரே வார்த்தையில் முடித்தார்: “சுட்ரு.”

நிறத்துக்கு அக்ரிலிக் பெயின்ட் வேண்டாம். சூழலுக்காகச் செய்த சிலைக்கு மேல் பிளாஸ்டிக் தோல் எதற்கு? செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, மண் தோல்பதமாக, அதாவது பாதி காய்ந்து இறுகி இருக்கும்போது பூசி, கூழாங்கல்லால் தேய்த்தால் கறுஞ்சிவப்பாக மின்னும். நான் துண்டுக்கு மட்டும் பூசினேன்.

7. காயவைப்பது

நிழலில், காற்றோட்டம் குறைவான மூலையில், மூன்று வாரம். மூக்கு, காது, துண்டின் நுனி எல்லாம் சீக்கிரம் காய்ந்துவிடும். தோள் ஈரமாகவே இருக்கும். அந்த வித்தியாசம்தான் விரிசல். முதல் வாரம் காதுக்கும் மூக்குக்கும் ஈரத்துணித் துண்டு போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் தளர்வாக மூடுங்கள். அடியில் செய்தித்தாளும் கொஞ்சம் மணலும் இருந்தால் சிலை சுருங்கும்போது நகர வசதி. மின்விசிறிக்குக் கீழே வைக்கவே கூடாது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? கன்னத்தில் புறங்கையை வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம்.

8. சூளை

நகரத்தில் இருந்தால் பீங்கான் பட்டறைகளில் மின் சூளை வாடகைக்குக் கிடைக்கும். இரவு முழுக்க 90 டிகிரியில் பிடித்து, பின் 600 வரை மணிக்கு 60 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், அதற்குப் பின் வேகமாக 950 டிகிரி செல்சியஸ் வரை போகச் சொல்லுங்கள். அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஊர்ச் சூளை.

வேளார் அண்ணன் சூளை போடும் நாளில் அவர் பானைகளுக்கு நடுவே ஓர் இடம் கேட்டேன். சிலையை ஓரத்தில் வைத்தால் தீ நேராக அறையும். நடுவில், ஒரு பெரிய உடைந்த பானையைக் கவிழ்த்து அதற்குள் வைக்கச் சொன்னார். விறகு சீமைக் கருவேலம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். இன்று கண்மாய் உள்வாய் முழுக்க அதுதான். வெட்ட வெட்டத் துளிர்க்கும். ராமநாதபுரம் பக்கம் அதைக் கரி சுட்டே பிழைக்கிற குடும்பங்கள் இருப்பதால் அதை வில்லனாக்கி ஒரு வசனம் எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றாக நின்று எரியும் விறகு என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆறேழு மணி நேரம் மூட்டம் மட்டும். சூளை வாயில் கொஞ்சம் வறட்டி போட்டுப் புகையவிடுவது. கைக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் மண்ணுக்குள் தண்ணீர் இருக்கும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். இடம் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும். என் முதல் தலை போனது இந்தக் கட்டத்தில்தான். நள்ளிரவில் தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “தம்பி, அது உங்களுதுதான்” என்றார். பானை வெடிக்கும் சத்தம் வேறு மாதிரி இருக்குமாம்.

மூட்டம் போதுமா என்று பார்க்க எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் புகைத்துளைக்கு மேல் ஒரு நொடி காட்டுங்கள். பனிக்கிற வரை விறகைக் கூட்டக் கூடாது. பனிப்பு நின்றபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம். இருட்டில் பார்க்கும்போது பானைகள் மங்கல் சிவப்பாகத் தெரிந்தால் 600-ஐத் தாண்டிவிட்டது. செர்ரிப் பழச் சிவப்பு என்றால் 750-800. ஆரஞ்சுக்குத் திரும்பியதும் அண்ணன் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாயை அடைத்தார்.

மறுநாள் மாலை வரை திறக்காதீர்கள். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் மணல்துகள் சட்டென்று அளவு மாறும். ஏறும்போதும் மாறும், இறங்கும்போதும் மாறும். ஆர்வக்கோளாறில் பாதிச் சூட்டில் திறந்து காற்றைப் பாய்ச்சினால் நெற்றியில் நெட்டுக்கு ஒரு கோடு விழுந்துவிடும்.

9. வெளியே எடுத்தபின்

விரல் முட்டியால் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் வெந்தது. ‘டப்’ என்றால் வேகவில்லை அல்லது உள்ளே விரிசல்.

நன்றாக ஆறியதும் சிலையை ஒரு நாள் தண்ணீரில் முழுக்கி வையுங்கள். உள்ளே சுட்ட சுண்ணாம்பு ஏதாவது ஒளிந்திருந்தால் மெதுவாக வீங்க விடாமல் முழுத் தண்ணீரில் இளக்கிக் கூழாக்கிவிடும் இந்த உபாயம். செங்கல் சூளைக்காரர்களும் செய்வதுதான். இரண்டாவது தலைக்கு இது எனக்குத் தெரியாது.

சின்ன விரிசலைச் சிமென்ட் வைத்து மூட வேண்டாம். நிறம் ஒட்டாது, ஊரே அதைத்தான் பார்க்கும். அப்படியே விடுங்கள். எங்கேயாவது அனுப்புவதாக இருந்தால் தெர்மாகோல் வேண்டாம். பானை எப்படி வண்டியில் போகிறதோ அப்படி வைக்கோலில் புதைத்து அனுப்புங்கள்.

10. பெயரும் இடமும்

அமெரிக்காவின் தெற்குக் கரோலைனாவில் டேவிட் டிரேக் என்ற அடிமைக் குயவர் இருந்தார். அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்று 1834-ல் சட்டம் போட்ட மாகாணம் அது. அங்கே தான் வனைந்த பெரிய ஜாடிகளின் தோளில் ‘டேவ்’ என்று பெயரையும் தேதியையும் சில நேரம் இரண்டு வரிக் கவிதையையும் ஈரமண்ணில் கீறினார். இன்று அருங்காட்சியகங்கள் அந்த ஜாடிகளைப் போட்டி போட்டு வாங்குகின்றன.

அதனால் பெயர்ப்பலகையில் உங்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு ‘ஒரு முதியவர்’, ‘விவசாயி’ என்று தலைப்பு வைக்காதீர்கள். யார் முகம், என்ன வேலை பார்த்தவர், எந்தக் கண்மாய் மண், யார் சூளையில் எந்த விறகில் வெந்தது, அப்புறம் கடைசியில் உங்கள் பெயர். இந்த வரிசையில். வேளார் பெயரைப் போடுவது தயவல்ல. பாதி வேலை அவருடையது, கூலியும் அப்படித்தான் பேச வேண்டும். பலகையில் கருத்து எதுவும் வேண்டாம்.

காட்சிக்கூடத்துக்கு அனுப்பும் முன் ஊரில் வையுங்கள். சாவடியோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ ஏதோ ஒன்று. அங்கே வரும் விமர்சனம் வேறு எங்கும் வராது. “காது சரியில்லையே”, “துண்ட வலது தோள்லதான போடுவாரு” என்று சொல்வதற்கு அங்கே ஆள் இருக்கிறது. துண்டு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.

கடைசியாக, தாத்தாவுக்கு உரிய சிலையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காதுத் துளைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி நெற்றியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அப்பத்தாவிடம் சொன்னார்: “நல்லாத்தான் வெந்திருக்கேன்.”